தாழ்ந்த இலையும் நிமிர்ந்த இலையும்

நெற்பயிரின் பெருமையைக் கதிரைக் கொண்டு மதிப்பிடுதலே உலக வழக்கு. களத்திற் குவிந்த பொலியைக் கண்டு மகிழும் கமக்காரனும், நாட்டின் உணவுக் கணக்கை எழுதும் அரசினரும், சந்தையில் அரிசியின் விலை கூறும் வணிகனும் கதிரையே நோக்குவர். இலையை நோக்குவோர் மிகச் சிலரே. அறுவடை முடிந்தபின் இலை வைக்கோலோடு வைக்கோலாய் மாட்டுத் தொழுவத்தை அடைந்து மறைகின்றது. எனினும், நெல்மணியை நிறைக்கும் மாப்பொருளின் பெரும்பகுதி இலையிலேயே பிறக்கின்றது. ஞாயிற்றின் ஒளியும், வளியிலுள்ள காபனீரொட்சைட்டும், வேர் உறிஞ்சிய நீரும் கூடி உணவாக மாறும் அடுக்களை அதுவே. அவ்வடுக்களை எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆசிய நாடுகளில் விடை தேடப்பட்டது. கிடைத்த விடை கோடிக்கணக்கான மக்களின் உணவுநிலையை மாற்றியது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவமழை பெறும் ஆசிய நாடுகளிற் பன்னூறாண்டுகளாகப் பயிரிடப்பட்ட நெல்வகைகளுள் பெரும்பாலானவை உயர்ந்து வளர்வன. நீண்டு அகன்று, நுனி வளைந்து தாழும் இலைகளை உடையன. இவ்வமைப்பை ஒரு குறையென்று கொள்ளுதல் பொருந்தாது. மழைவெள்ளம் தேங்கும் வயலிற் குட்டையான பயிர் மூழ்கி அழியும். உயர்ந்த பயிரே தப்பும். தாழ்ந்து பரந்த இலைகள் நிலத்தை விரைவில் மூடி, களைகளுக்கு ஒளி கிட்டாவண்ணம் தடுத்தன. மாட்டுக்கு ஊட்டவும் கூரை வேயவும் நீண்ட வைக்கோல் வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எருக் குறைந்த நிலத்திற் பயிர் விடும் இலைகள் சிலவே; அச்சில இலைகள் கிடையாக விரிந்தாலன்றி விழும் ஒளியை முழுதும் பற்றிக்கொள்ள இயலாது. ஆகவே, ஹெக்டயர் ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு தொன் நெல் பெறுவதே போதுமென்றிருந்த ஒரு வேளாண்மைக்கு அவ்விலை முற்றும் ஏற்றதாகவே இருந்தது. அந்த வேளாண்மை போதாமற் போனபோதுதான் இலையும் போதாததாயிற்று.

யப்பான் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு 19ஆம் நூற்றாண்டிலேயே மீன்கழிவும் சோயாப் பிண்ணாக்கும் வயலுக்கு மிகுதியாக இடப்பட்டன. 1877இல் உழவர் ஒருவர் தம் வயலிற் கண்டெடுத்த ‘சின்ரிக்கி’ என்னும் நெல், குட்டையான தண்டும் மிகுந்த மட்டங்களும் உடையதாய், இட்ட எருவுக்கெல்லாம் தக்க பயன் தந்தது. அந்நெல்லும் அதனையொத்த பிற வகைகளும் நாடெங்கும் பரவின. பின்னர் அமோனியஞ் சல்பேற்று எளிதிற் கிடைக்கத் தொடங்கியபோது, அப்பசளையை ஏற்று விளைவாக மாற்றவல்ல பயிர் யப்பானியரிடம் ஆயத்தமாக இருந்தது. வெப்ப நாடுகளில் இது நிகழவில்லை. அங்குப் பசளை இட்டபோது பயிர் கரும்பச்சை நிறங்கொண்டு செழித்தோங்கியது. ஆனால் கதிர் முற்றுமுன்னரே தண்டு தாங்காது சாய்ந்தது. சாய்ந்த பயிரிற் பதர் மிகுந்தது. பசளையிட்டவன் இடாதவனிலும் குறைவாக அறுத்த வேளைகளும் உண்டு.

சாய்தலே விளைவு குறைவதற்கு முழுக் காரணம் எனப் பலர் கருதினர். அது பெருங் காரணமே. ஆயினும், உயர்ந்த பயிரைச் சாயாதவாறு தாங்குகோல் கட்டி நிறுத்தி ஆராய்ந்தபோது, இழந்த விளைவில் ஒரு பகுதி மீண்டதேயன்றி, குட்டைப் பயிரின் விளைவு கிட்டவில்லை. நிமிர்ந்து நின்றும் பசளையைப் பயன்படுத்தமாட்டாத ஒரு குறை அப்பயிரினுள்ளே இருந்தது. அக்குறை தண்டில் இல்லை, இலையில் இருந்தது.

இதனை விளக்குவதற்கு வேண்டிய அறிவு நெல்வயலுக்கு வெளியிலிருந்தே வந்தது. பயிரின் உணவாக்கத்தைத் தனியிலையிற் காணாது, ஒன்றையொன்று மறைக்கும் இலைகளின் கூட்டத்திற் காணவேண்டும் என்பதை டென்மார்க்கு அறிஞர் பொய்சன் ஜென்சன் 1932இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். 1947இல் இங்கிலாந்தில் வாற்சன் என்பவர், ஓரலகு நிலத்தின்மேலுள்ள இலைகளின் மொத்தப் பரப்பை ஓர் எண்ணாற் குறிக்கும் முறையை வகுத்தார். ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் நான்கு சதுர மீற்றர் இலை இருப்பின், இலைப்பரப்புச் சுட்டி 4 ஆகும். 1953இல் யப்பானிய அறிஞர்களான மொன்சியும் சயெக்கியும் இவ்விரு கருத்துகளையும் இணைத்து, இலைக்கூட்டத்தினூடே ஒளி எவ்வாறு படிப்படியாகத் தேய்ந்து செல்லும் என்பதைக் கணித முறையில் எழுதினர். ஒளி தேயும் வேகம் இலையின் சாய்வைப் பொறுத்தது. நிமிர்ந்த இலையுடைய புல்லினங்களில் அவ்வேகத்தைக் குறிக்கும் எண் 0.3 முதல் 0.5 வரை இருக்கும். கிடையாக விரிந்த இலையுடைய செடிகளில் 0.7க்கு மேற்படும்.

இவ்வெண்களின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். இரு வயல்களில் இலைப்பரப்புச் சுட்டி 4 எனக் கொள்க. ஒன்றில் இலைகள் தாழ்ந்தவை. ஒளி தேயும் எண் 0.7. மற்றதில் இலைகள் நிமிர்ந்தவை, எண் 0.4. முதல் வயலில் மேலிருந்து விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கே அடியை அடையும். இரண்டாவதில் 20 பங்கு அடையும். இரண்டாவது வயலிலும் அடியொளி 6 பங்காகக் குறையவேண்டுமாயின், இலைப்பரப்பு 7 வரை உயரலாம். அஃதாவது, நிமிர்ந்த இலை அதே நிலத்தில் ஏறத்தாழ இருமடங்கு இலையைத் தாங்க இடந்தருகின்றது.

இதனோடு மற்றோர் உண்மையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். நெல்லின் தனியிலை முழுவெயிலை முழுதும் பயன்படுத்துவதில்லை; நண்பகல் ஒளியிற் பாதியளவிலேயே அதன் உணவாக்கம் உச்சத்தை நெருங்கிவிடுகின்றது. மேலே கிடையாக விரிந்த இலை தனக்கு வேண்டியதிலும் மிகுந்த ஒளியைப் பெற்று வீணாக்க, கீழுள்ள இலைகள் ஒளியின்றி வாடுகின்றன. உணவாக்க வழியின்றிச் சுவாசம் மட்டும் புரியும் இலை பயிருக்குச் சுமையேயாகும். பசளை மிகுந்தவிடத்து உயர்ந்த நெல் புதிய இலைகளை விடுகின்றது. அவை பழைய இலைகளை மறைக்கின்றன. மறைந்தவை விரைவில் மஞ்சளித்து உதிர்கின்றன. ஒளி தேடி நீண்ட தண்டு மெலிந்து சாய்கின்றது. சாய்தலுக்கும் நிழலுக்கும் இருந்த உறவு இவ்வாறு விளங்கிற்று.

நெல்வகைகளின் இலையை நேரே ஒப்புநோக்கிய பெருமை யப்பானிய அறிஞர் சுனோடாவுக்கு உரியது. 1959 முதற் சில ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், மிகுந்த நைதரசனை ஏற்று விளைவு தரும் வகைகளின் இலை குறுகியதாய், தடித்ததாய், கரும்பச்சையாய், நிமிர்ந்ததாய் இருப்பதையும், அவ்வாறு விளைவு தராத வகைகளின் இலை நீண்டதாய், அகன்றதாய், மெல்லியதாய், வெளிறியதாய், தாழ்ந்ததாய் இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இவ்வியல்புகள் தற்செயலாகச் சேர்ந்தவையல்ல. தடித்த இலை அதே பரப்பிற் கூடிய நைதரசனையும் பச்சையத்தையும் கொள்ளும். குறுகிய இலை தன் பாரத்தாற் கவியாது. நிமிர்ந்த இலை தன் கீழுள்ளதற்கு வழிவிடும். மற்சுசிமா என்னும் அறிஞர், மேலுள்ள மூன்று இலைகளும் குறுகித் தடித்து நிமிர்ந்து நிற்றலே சிறந்த நெற்பயிரின் இலக்கணம் என வகுத்தார். பூத்தபின் மணிக்கு உணவூட்டுவன பெரும்பாலும் அம்மூன்று இலைகளே. அவற்றுள்ளும் கதிரை ஒட்டி நிற்கும் கொடியிலை தலையாயது.

இக்கொள்கையைச் சோதித்த முறைகளுள் ஒன்று எளிமையால் வியக்கத்தக்கது. யப்பானிய ஆராய்ச்சியாளர் நிமிர்ந்த இலையுடைய நெல்லின் இலை நுனிகளிற் சிறு பாரங்களைக் கட்டி அவற்றைத் தாழச் செய்தனர். வகை அதுவே, மண்ணும் பசளையும் அவையே, மாறியது இலையின் சாய்வு ஒன்றே. மிகுந்த ஒளியில் இலைக்கூட்டத்தின் உணவாக்கம் குறைந்தது. தோற்றத்துக்கு உரியதென்று எண்ணப்பட்ட ஓரியல்பு விளைவுக்கு உரியதே என்பது இதனால் உறுதிப்பட்டது.

கொள்கை ஒருபுறம் வளர, வெப்ப நாட்டு உழவனுக்கு அத்தகைய பயிரைப் படைத்துக்கொடுக்கும் முயற்சியும் நடைபெற்றது. 1950ஐ அடுத்த ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், இந்தியாவின் கட்டாக்கிலிருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தை நடுவாகக் கொண்டு, யப்பானிய நெல்லையும் வெப்ப நாட்டு நெல்லையும் கலக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. அம்முயற்சியிற் பிறந்தவற்றுள் தமிழ்நாட்டின் ஆடுதுறை 27, மலாயாவின் மசூரி ஆகியவை புகழ்பெற்றன. ஆடுதுறை 27 தஞ்சை வயல்களிற் சில காலம் பெருவரவேற்புப் பெற்றது. ஆயினும், பெரும்பாலான கலப்புகளில் மலட்டுத்தன்மை குறுக்கிட்டது. தொலைவான இரு குலங்களைக் கலந்ததே இடையூறாயிற்று.

விடை அண்மையிலேயே இருந்தது. தைவான் தீவின் உழவர் நெடுங்காலமாகப் பயிரிட்டுவந்த ‘டீ-ஜியோ-ஊ-ஜென்’ என்னும் குட்டை நெல், வெப்ப நாட்டுக் குலத்தையே சேர்ந்தது. அதனை உயரமான உள்ளூர் வகையொன்றுடன் கலந்து பெற்ற ‘தைச்சுங் நேற்றிவ் 1’ என்னும் நெல் 1956இல் வெளியிடப்பட்டது. கலப்பினாற் பிறந்த முதலாவது வெப்ப நாட்டுக் குட்டை நெல் அதுவே. நிமிர்ந்த இலையும் குட்டைத் தண்டும் யப்பானியக் குலத்துக்கே உரியவை என்ற எண்ணம் அதனோடு அகன்றது.

1960இல் போர்ட், றொக்பெல்லர் நிதியங்கள் பிலிப்பைன் அரசுடன் இணைந்து லொஸ் பாஞோசில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. அங்கு இனவிருத்திப் பணியை மேற்கொண்ட பீற்றர் ஜெனிங்ஸ், பயிரின் அமைப்பையே இனவிருத்தியின் குறிக்கோளாகக் கொள்ளல் வேண்டும் என்னும் கருத்துடையவர். 1964இல் அதனைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். 1962இல் அவர் செய்த கலப்புகள் 38. அவற்றுள் எட்டாவது, இந்தோனேசிய மரபிலிருந்து வந்த ‘பேட்டா’ என்னும் உயர்ந்த நெல்லுக்கும் டீ-ஜியோ-ஊ-ஜென்னுக்கும் இடையே நிகழ்ந்தது. முதல் தலைமுறைச் செடிகள் யாவும் உயர்ந்தே வளர்ந்தன. ஆனால் இரண்டாந் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செடிகள் குட்டையாக நின்றன. குட்டைத்தன்மை ஒரே பின்னிடைவுப் பரம்பரை அலகினால் ஆளப்படுவது என்பதை அக்கணக்கே புலப்படுத்தியது. பல அலகுகளைத் தேடித் திரட்டவேண்டியதில்லை; ஒன்று போதும் என்பது இனவிருத்தியாளருக்குப் பெருநன்மையாயிற்று.

1963இல் நிலையத்திற் சேர்ந்த ஹென்றி பீச்செல் அத்தலைமுறைகளைத் தொடர்ந்து தெரிந்தெடுத்தார். 288ஆம் வரிசையின் மூன்றாஞ் செடி தலைசிறந்து விளங்கிற்று. 1966இல் சுரஜித் டே டத்தா நடத்திய பசளைச் சோதனையில் அதன் வழிவந்த பயிர், நைதரசன் இடாதவிடத்து ஹெக்டயருக்கு ஏறத்தாழ 5 தொன்னும், மிகுதியாக இட்டவிடத்து 9 தொன்னுக்கு மேலும் விளைந்தது. அவ்வாண்டு நவம்பரில் அது ஐ.ஆர். 8 என்னும் பெயருடன் வெளியிடப்பட்டது. பழைய உயர்ந்த வகைகளில், நிலத்துக்கு மேலுள்ள பயிர் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மணியாக இருந்தது. புதிய அமைப்பில் அது பாதியாக உயர்ந்தது. முன்னர் வைக்கோலாகப் போன உணவு இப்போது மணியாகத் திரண்டது.

ஐ.ஆர். 8 குற்றமற்றதன்று. அதன் அரிசி பருத்து வெண்புள்ளி கொண்டிருந்தது. சோறு ஆறியபின் இறுகியது. பற்றீரியாவினால் வரும் இலைக்கருகல் நோய்க்கு அது எளிதில் இரையாயிற்று. உணவாக்கும் இலையே நோயின் வாயிலாகவும் அமைந்தமை கருதத்தக்கது. குட்டையாகவும் இலை நிமிர்ந்தும் நின்ற பயிர் களைகளை முன்போல அடக்கவில்லை. ஆதலாற் களையெடுக்கும் உழைப்போ களைநாசினியோ கூடுதலாக வேண்டியதாயிற்று. குர்தேவ் குஷ் முதலியோர் இலையமைப்பைக் காத்துக்கொண்டே நோயெதிர்ப்பையும் அரிசியின் தரத்தையும் சேர்த்தனர். 1976இல் வந்த ஐ.ஆர். 36, 1985இல் வந்த ஐ.ஆர். 64 ஆகியன அவ்வழியின் விளைவுகள்.

இலங்கையின் நெல் வரலாறு இதே பாதையிற் சென்றதாயினும், தனக்கெனத் தனியான ஒரு படியையும் உடையது. 1950களின் தொடக்கத்தில் பத்தலகொடையில் அமைந்த நெல் இனவிருத்தி நிலையத்தில், முருங்கக்காயன் 302 என்னும் உள்ளூர் நெல்லையும் ‘மாஸ்’ என்னும் இந்தோனேசிய நெல்லையும் கலந்து பெற்ற எச்-4, 1958இல் உழவரிடம் சென்றது. அது உயர்ந்து வளரும் நெல்லே. எனினும், பழைய வகைகளிலும் கூடிய பசளையைத் தாங்கியது. எரிபந்த நோயை எதிர்த்தது. நாட்டின் வயல்களிற் பெரும்பகுதியைக் கவர்ந்தது. 1962இல் நெற்செய்கைக்கான பசளை மானியம் தொடங்கியபின், எச்-4இன் எல்லையும் வெளிப்பட்டது. ஓரளவுக்கு மேல் நைதரசன் இட்டால் அதுவும் சாய்ந்தது. ஐ.ஆர். 8 இங்கு வந்ததாயினும், நோயாலும் அரிசியின் தன்மையாலும் நிலைக்கவில்லை. இலங்கை இனவிருத்தியாளர் அதனை அப்படியே ஏற்காது, அதன் அமைப்பை மட்டும் ஏற்று, உள்ளூர்ச் சுவையும் நோயெதிர்ப்பும் பொருந்திய குட்டை வகைகளைத் தாமே உருவாக்கினர். 1970இல் வந்த பீ.ஜி. 11-11உம் அதனைத் தொடர்ந்த வகைகளும் அம்முயற்சியின் பயன்கள். 1950களில் ஹெக்டயருக்கு 2 தொன்னுக்குக் குறைவாயிருந்த நாட்டின் சராசரி விளைவு, 2010களில் 4 தொன்னைக் கடந்தது. நீர்ப்பாசனமும் பசளையும் இவ்வளர்ச்சியிற் பங்குகொண்டன என்பது உண்மை. எனினும், அப்பசளையை மணியாக மாற்றியது நிமிர்ந்த இலையே.

ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. சீன அறிஞர் யுவான் லொங்பிங், தம் உயர்விளைவுக் கலப்பு நெல்லுக்கு 1990களின் பிற்பகுதியில் வகுத்த இலக்கணத்தில், மேல் மூன்று இலைகளும் நீண்டு, ஒடுங்கி, தடித்து, நிமிர்ந்து நிற்றலை முதன்மைப்படுத்தினார். இலை குறுகியிருத்தல் வேண்டும் என்ற பழைய விதி இங்கு மாறியது; நிமிர்ந்திருத்தல் வேண்டும் என்ற விதியோ மாறவில்லை. 2002இல், டீ-ஜியோ-ஊ-ஜென்னின் குட்டைத்தன்மைக்குக் காரணமான பரம்பரை அலகு கண்டறியப்பட்டது. தண்டை நீளச் செய்யும் ஜிபரெலின் என்னும் வளர்ச்சிப்பொருளை ஆக்கும் நொதியமொன்றின் அலகு அது; அதில் ஒரு துண்டு இழக்கப்பட்டதே குட்டைத்தன்மைக்குக் காரணம். 2006இல் யப்பானிய ஆராய்ச்சியாளர், வேறொரு வளர்ச்சிப்பொருள் குறைந்து இலை நிமிர்ந்த ஒரு நெல்லை நெருக்கி நட்டபோது, பசளையைக் கூட்டாமலே விளைவு உயர்ந்ததைக் காட்டினர். நிமிர்ந்த இலையிற் பாரம் கட்டிக் கண்ட உண்மை, அரை நூற்றாண்டுக்குள் அலகின் மட்டத்தில் உறுதிபெற்றது.

எனினும், நிமிர்ந்த இலை ஒரு கடனையும் உடன் கொண்டுவந்தது. இலையின் நைதரசனிற் பெரும்பகுதி பச்சையவுருமணிகளிலேயே தங்கியுள்ளது. மணி முற்றும் காலத்தில் அந்நைதரசன் கதிரை நோக்கி நகர, இலை மெல்ல மஞ்சளிக்கின்றது. அதிக மணியைத் தாங்கும் பயிர் அதிக நைதரசனை இலையில் முன்னரே சேர்த்துவைத்தல் வேண்டும். அது மண்ணிலிருந்தோ பசளையிலிருந்தோ வந்தாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட பெரும்போகத்தில் வயல்கள் மஞ்சளித்தன. விளைச்சல் பெருவீழ்ச்சி கண்டது. இலையை நிமிரச் செய்த அறிவும் இலைக்கு உணவூட்டும் ஒழுங்கும் ஒன்றையொன்று பிரிய முடியாதவை என்பதை நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

பசளையை அளவின்றி இடுதல் இதற்கு மாற்றாகாது. மிகுந்த நைதரசன் பயிரைச் சாய்க்கும். நோயையும் பூச்சியையும் அழைக்கும். எஞ்சியது நீர்நிலைகளைக் கெடுக்கும். 1990களிலிருந்து ஆசிய நாடுகளிற் பரவிய இலைநிற அட்டை இவ்விடயத்திற் குறிப்பிடத்தக்கது. பலவகைப் பச்சை நிறங்கள் தீட்டிய சிறு பட்டையை இலையோடு ஒப்பிட்டு, இலை வெளிறும்போது மட்டும் பசளையிடுதலே அம்முறை. எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் என்பதை இலையே கூறுகின்றது. உழவன் அதனைக் கேட்டு நடக்கின்றான்.

உற்றுநோக்கின், இவ்வரலாற்றிற் பழைய உழவனின் அறிவு தோற்றதாகவும் புதிய அறிவு வென்றதாகவும் கூறுதல் முறையன்று. தாழ்ந்த இலை எருவற்ற நிலத்துக்கும் களை மலிந்த வயலுக்கும் இயற்கையும் உழவனும் சேர்ந்து தெரிந்தெடுத்த விடை. நிமிர்ந்த இலை பசளை மிகுந்த நிலத்துக்கும் பெருகிய மக்கட்டொகைக்கும் அறிவியல் தெரிந்தெடுத்த விடை. அவ்விடைக்கு வேண்டிய வித்தும் தைவான் உழவனின் வயலிலேயே கிடந்தது. யப்பானிய உழவர் ஒருவர் கண்டெடுத்த சின்ரிக்கியும் அதற்கு முன்னோடியாயிற்று. ஆராய்ச்சியாளர் செய்தது, அவர்கள் காத்துவைத்ததன் பொருளைக் கண்டறிந்ததே. ஆகவே, இன்று பயன்படாதென ஒதுக்கப்படும் பழைய நெல்வகைகளையும் பேணுதல் கடமையாகின்றது. நாளைய நிலமும் நாளைய வானும் எத்தகைய இலையை வேண்டுமென்று இன்றே துணிந்து கூற எவராலும் இயலாது. ஆனால் அவ்விலை ஏதோ ஒரு மூலையிலுள்ள வயலிற் காப்பாற்றப்பட்டிருந்தால்தான் அதனைத் தேடி எடுக்க இயலும்.